இழுப்பதற்கு முன்

2025 ஜூலை 7, திங்கள்

மருத்துவமனையின் சர்வர் அறையில் இன்று பார்வையிடல் மட்டும்தான். எதன்மீதும் கை வைக்கவில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ., எக்ஸ்ரே என்று அங்கே எடுக்கும் படங்களெல்லாம் வந்து சேரும் ஸ்டோரேஜ் பெட்டி அது. இரண்டு கன்ட்ரோலர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு ஃபைபர் சேனல் போர்ட்டுகள். எட்டிலும் ஒளிக்கம்பியைச் செருகும் 8 கிகாபிட் எஸ்.எஃப்.பி. மாட்யூல். அவற்றைக் கழற்றிவிட்டு 16 கிகாபிட் மாட்யூல்களைப் போட வேண்டும். சுவிட்சுகளும் சர்வர்களின் கார்டுகளும் எப்போதோ 16-க்கு மாறிவிட்டன. இந்தப் பெட்டியின் போர்ட்டுகளும் 16-ஐ ஏற்பவைதான். வாங்கிய நாளில் மலிவாகக் கிடைத்த 8-ஐப் போட்டதோடு விட்டிருக்கிறார்கள். ஒரு போர்ட் ஒரு திசையில் கொண்டுபோவது வினாடிக்கு 800 மெகாபைட்டிலிருந்து 1600-க்கு உயரும். காலையில் ஓ.பி. நேரத்தில் எல்லா அறைகளிலும் ஒரே சமயத்தில் படங்களைத் திறக்கும் டாக்டர்களுக்கு அது பெரிய உதவி.

சொன்னால் எளிய வேலை. ஆனால் எங்களுக்கு முன் யாரோ ஒருவர் வந்து 'ஏ' கன்ட்ரோலரின் மூன்றாவது மாட்யூலை எடுக்கப் பார்த்திருக்கிறார். வரவில்லை. அதன் கம்பி வளையம் ஒரு பக்கம் முறிந்து தொங்குகிறது. சுற்றியுள்ள தகட்டில் பிளையரின் பற்கள் பதிந்த தடம். டார்ச் அடித்துப் பார்த்தேன். மாட்யூல் தன் இடத்திலிருந்து மயிரிழை வெளியே வந்து, இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. ஆனாலும் பச்சை விளக்கு எரிகிறது. அதன் வழியாகப் படங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. எப்படிச் செய்தார் என்பது அந்தத் தடத்திலேயே தெரிகிறது.

மீதி நேரமெல்லாம் பாதைகளைச் சரிபார்ப்பதில் போனது. ஒவ்வொரு சர்வருக்கும் இந்தப் பெட்டியை அடைய எட்டுப் பாதைகள் இருக்க வேண்டும். 'ஏ' வழியாக நான்கு, 'பி' வழியாக நான்கு. ஒரு சர்வரில் 'பி' பக்கம் இரண்டைக் காணோம். இரண்டாவது சுவிட்சின் ஜோனிங்கில், அதாவது எந்தச் சர்வர் எந்தப் போர்ட்டைப் பார்க்கலாம் என்ற அனுமதிப் பட்டியலில், அந்தச் சர்வரைச் சேர்க்கும்போது அவை விட்டுப்போயிருக்கின்றன. எட்டில் ஆறு இருந்தாலும் எல்லாம் ஓடும், யாருக்கும் தெரியாது. நாம் ஒரு கன்ட்ரோலரை நிறுத்தும் நாளில்தான் தெரியும். முதலில் அதைச் சரிசெய்தோம். பிறகு எல்லாச் சர்வர்களிலும் எட்டு எட்டாக எண்ணிப் பார்த்து, கேபிள்களின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஜூலை 8, செவ்வாய்

என்னோடு வேலை செய்யும் தம்பி சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. கட்டளைகள் எல்லாம் விரல் நுனியில் இருக்கின்றன, ஆனால் கை இன்னும் பழகவில்லை. மதியம் முழுக்க அவனோடு பட்டறை மேசையில் உட்கார்ந்தேன். கழித்துப்போட்ட ஒரு பழைய சுவிட்சிலிருந்து சர்க்யூட் போர்டை எடுத்து, மாட்யூல் நுழையும் உலோகக் கூண்டின் பக்கத் தகட்டை வெட்டி, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும்படி வைத்தேன்.

எஸ்.எஃப்.பி. மாட்யூல் என்பது 13.4 மில்லிமீட்டர் அகலம், 8.5 உயரம், 56.5 நீளம் உள்ள சின்ன உலோகப் பெட்டி. கூண்டுக்குள் அது தீப்பெட்டியின் உள்தட்டுபோலச் சறுக்கிக்கொண்டு போகும். அதன் அடிவயிற்றில் முக்கோண வடிவில் ஒரு சிறு முட்டு இருக்கிறது. கூண்டின் வாசலில், தரைத் தகட்டிலேயே வெட்டிய ஒரு நாக்கு இருக்கிறது. ஸ்பிரிங் மாதிரி வளையக்கூடியது, அதில் முக்கோண ஓட்டை. மாட்யூலைத் தள்ளும்போது முட்டு நாக்கைத் தாழ்த்திக்கொண்டு போய், ஓட்டை வந்ததும் அதில் விழுந்துவிடும். 'டக்' என்று கேட்பது அந்தச் சத்தம்தான். முகப்பில் இருக்கும் கம்பி வளையத்தை மடக்கினால், அதன் கீல் ஒரு சிறு சறுக்கியை நகர்த்துகிறது. சறுக்கி நாக்கைக் கீழே தள்ளுகிறது. முட்டு ஓட்டையை விட்டு விடுபடுகிறது. ஆக, வளையத்தின் முதல் வேலை விடுவிப்பது. இழுக்கப் பிடி கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இதைப் புடிச்சு இழுக்கறது தப்பா அக்கா?" என்றான். தப்பில்லை, முழுக்க மடக்கிய பிறகு இழுக்க வேண்டும் என்றேன். பாதி மடக்கி இழுத்தால் முட்டு பாதி விடுபட்டு ஓட்டையின் விளிம்பில் சிக்கிக்கொள்ளும். அதற்குமேல் இழுக்க இழுக்க அந்தப் பிடி இறுகும்.

இதை எண்ணாகவே அவனிடம் சொன்னேன், எனக்கு எப்போதும் தெளிவு தருவது அந்த எண்கள்தான். எஸ்.எஃப்.பி.யின் அளவுகளை வரையறுத்த ஒப்பந்த ஆவணத்தின்படி, விடுபட்ட மாட்யூலை வெளியே எடுக்க 11.5 நியூட்டனுக்கு மேல் தேவைப்படக் கூடாது. ஏறக்குறைய 1.2 கிலோ எடையைத் தூக்கும் விசை அது, இரண்டு விரல் போதும். பூட்டியிருக்கும் மாட்யூலோ குறைந்தது 90 நியூட்டன் வரை இழுத்தாலும் வரக் கூடாது. அது 9 கிலோவுக்கு மேல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் எங்கள் வேலை. இரண்டு விரலுக்கு ஒரு மாட்யூல் வரவில்லை என்றால், அது இன்னும் விடுபடவில்லை என்று அர்த்தம். அப்போது பலத்தைக் கூட்டுகிறவர், பிடித்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட ஒன்றோடு மல்லுக்கட்டுகிறார்.

அந்த ஆவணம் வந்தது 2001-ல். அதை வெளியிட்ட எஸ்.எஃப்.எஃப். குழு 1990-ல் தொடங்கப்பட்டது, லேப்டாப்புகளுக்கான சின்ன ஹார்ட் டிஸ்க்குகளின் அளவை ஒழுங்குபடுத்தவென்று. டிஸ்க்கின் திருகுத் துளை எங்கே இருக்க வேண்டும் என்று பேச உட்கார்ந்தவர்கள், டிஸ்க்குகளை இணைக்கும் ஒளிக்கம்பியின் வாசல் வரைக்கும் வந்திருக்கிறார்கள். வேறு வேறு கம்பெனிகளின் மாட்யூலும் கூண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதே அந்த ஒப்பந்தத்தால்தான். அதே ஆவணத்தில் இன்னோர் எண்ணும் உண்டு: கூண்டும் கனெக்டரும் 100 முறை செருகிக் கழற்றத் தாங்க வேண்டும், மாட்யூல் 50 முறை. நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஓடுகிற கருவியில் கழற்றிப் பழகக் கூடாது என்று தம்பிக்குச் சொன்னதும், பழைய சுவிட்சை மேசைக்குக் கொண்டுவந்ததும் அதனால்தான்.

கேபிளை முதலில் எடுக்க வேண்டும் என்பதையும் கையாலேயே உணரவைத்தேன். எல்.சி. கனெக்டர் செருகியிருக்கும்போது வளையம் அதைச் சுற்றி மாட்டிக்கொண்டு நிற்கும், மடங்க இடமில்லை. அவசரத்தில் கேபிளோடு மடக்கப் பார்த்துத்தான் நான் பார்த்த வளையங்களில் பெரும்பாலானவை முறிந்திருக்கின்றன. கேபிளை எடுத்த உடனே அதன் முனைக்கும் மாட்யூலின் வாய்க்கும் மூடி. மாட்யூலின் வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. 850 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

"சிக்கிக்கிட்டா கொஞ்சம் ஆயில் ஸ்பிரே அடிக்கலாமா அக்கா?"

கூடவே கூடாது என்றேன். எண்ணெய் ஊர்ந்து போய் ஒளி புகும் முகத்திலும் கனெக்டரின் தொடுமுனைகளிலும் படியும். அதில் தூசி ஒட்டும். மாட்யூல் வந்தாலும் போர்ட் போய்விடும்.

ஜூலை 10, வியாழன், விடிகாலை

இப்போதுதான் வீடு வந்தேன். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, ஆனாலும் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

நள்ளிரவிலிருந்து நான்கு மணி வரை அனுமதி. 'ஏ' கன்ட்ரோலரில் மட்டும் வேலை. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரே வரிசைதான்: முதலில் சுவிட்ச் பக்கம் அந்தப் போர்ட்டை முடக்க வேண்டும், சர்வர்களில் எதிர்பார்த்த பாதை மட்டும்தான் விழுந்தது என்று தம்பி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதன் பிறகே கேபிளில் என் கை படும். மணிக்கட்டில் நிலைமின் பட்டை.

முதல் போர்ட் இரண்டு விரலுக்கே வந்தது. புதிய மாட்யூலைச் செருகியதும் 16-ல் இணைந்தது. ஜோனிங்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. போர்ட்டின் முகவரி கன்ட்ரோலருக்குச் சொந்தம், மாட்யூலுக்கு அல்ல. வந்திருந்த மருத்துவமனை ஐ.டி. ஆள் இதைக் கேட்டதும்தான் நிம்மதியாக உட்கார்ந்தார்.

இரண்டாவது, வளையத்தை முழுக்க மடக்கியும் வரவில்லை. இழுப்பதை நிறுத்திவிட்டு, வளையத்தைத் திரும்ப நிமிர்த்தி, கட்டைவிரலால் மாட்யூலை உள்ளே அழுத்தினேன். ஒரு மெல்லிய அசைவு. உள்ளே அழுத்தியபடியே வளையத்தை மடக்கி, பிறகு நேராக இழுத்ததும் வந்துவிட்டது. முட்டு ஓட்டையின் விளிம்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது சறுக்கியால் நாக்கைத் தள்ள முடியாது. உள்ளே தள்ளினால் அந்த அழுத்தம் விலகி நாக்கு தாழ்கிறது. வெளியே எடுக்க நினைப்பதை முதலில் உள்ளே தள்ளுவது கைக்கு அவ்வளவு இயல்பாக வருவதில்லை. தம்பி பக்கத்தில் நின்று பார்த்தது நல்லதாயிற்று.

நான்காவது கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் வந்தது. கையில் வாங்கிப் பார்த்தால், அடிவயிற்றில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு, பசை கசிந்து கருத்திருந்தது. அதைத் தனி உறையில் போட்டு எடுத்துவைத்தேன். ஏன் என்று அப்போது யோசிக்க நேரமில்லை.

மூன்றாவது வரவில்லை. கேபிளை எடுத்தாயிற்று. உள்ளே அழுத்தினால் அசையவே இல்லை, இடது ஓரத்தில் எதிலோ முட்டி நிற்கிறது. வளையம் முறிந்ததால் சறுக்கியை நகர்த்த வழியில்லை. 0.1 மில்லிமீட்டர் ஸ்டீல் தகட்டை மாட்யூலுக்கும் நாக்குக்கும் இடையே நுழைத்து நாக்கைத் தாழ்த்தலாம் என்று பார்த்தேன். வலப்பக்கம் நுழைகிறது, இடப்பக்கம் நுழையவில்லை. ரேக்குக்குள் தலையைக் கொடுத்து, பெட்டியின் வெந்நீர் ஆவி மாதிரியான காற்று முகத்தில் அடிக்க, பார்க்க முடியாத ஓர் இடத்தில் தகட்டைத் துழாவிக்கொண்டிருந்தேன். மூன்றேகால் மணிக்கு நிறுத்தினேன். இன்னும் நேரம் இருந்தது. ஆனால் கண்ணால் பார்க்காமல் செய்யக்கூடிய எல்லாம் முடிந்திருந்தன.

இரண்டு மணி வாக்கில் ஒரு விபத்துக் கேஸ் வந்தது. தலைக்கு சி.டி. எடுத்தார்கள். மேலே போய் ரேடியாலஜியில் கேட்டேன், படங்கள் எப்போதும்போல வந்தனவா என்று. டெக்னீஷியன் என்னை வியப்பாகப் பார்த்துவிட்டு, "ஏன் மேடம், ஏதாச்சும் பிரச்சினையா?" என்றார். அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டிய பதில்.

ஜூலை 10, மாலை

ஐ.டி. மேனேஜரோடு பேச்சு. நல்ல மனிதர். படங்கள் ஒரு நிமிடம் நின்றாலும் டாக்டர்கள் அவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். "பிளையர் போட்டு ஒரு இழு இழுத்துடலாமே மேடம்? எப்படியும் தூக்கிப் போடற மாட்யூல்தானே" என்றார்.

தூக்கிப் போடுவது மாட்யூல், கூண்டு அல்ல. அதன் கால்கள் சர்க்யூட் போர்டின் துளைகளில் அழுத்திச் செருகப்பட்டவை. இந்தக் கன்ட்ரோலரில் நான்கு போர்ட்டுகளுக்கும் சேர்த்து ஒரே கூண்டு. அதற்குள்ளே ஒவ்வொரு போர்ட்டுக்கும் 20 தொடுமுனைகள் கொண்ட கனெக்டர். 90 நியூட்டன் தாங்கும் பூட்டை உடைக்கும் அளவுக்கு இழுத்தால், பூட்டு மட்டும் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூண்டு தூக்கிக்கொண்டால் பக்கத்து மூன்று போர்ட்டும் போகும். மூவாயிரம் ரூபாய் மாட்யூலுக்காக லட்சங்கள் பெறும் கன்ட்ரோலரை வைத்து ஆட வேண்டுமா?

அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று அடுத்துக் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் போர்ட் நேற்றுவரை ஓடிக்கொண்டுதானே இருந்தது. என் பதில்: அது சாய்ந்து, மயிரிழை வெளியே வந்து நிற்கிறது. கேபிளின் எடையும் ஃபேன்களின் அதிர்வும் சேர்ந்து ஒரு நாள் தொடர்பை விட்டு விட்டுப் பிடிக்கும். செத்த பாதையை சர்வர் ஒருமுறை கண்டுகொண்டு ஒதுக்கிவிடும். செத்துச் செத்துப் பிழைக்கும் பாதையை அது ஒவ்வொரு முறையும் நம்பி, வேலையை அனுப்பி, பதில் வராமல் காத்திருந்து, பிறகு வேறு பாதைக்கு மாற்றும். பெட்டி முழுதும் நன்றாக இருக்கும்போதே படங்கள் திறக்கத் தாமதமாகும், காரணம் எங்கே என்று யாருக்கும் பிடிபடாது. ஆகவே அந்தப் போர்ட்டை முடக்கியே வைத்திருக்கிறேன்.

கன்ட்ரோலரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. ஞாயிறு மதியம், ஓ.பி. இல்லாத நேரம். ஒப்புக்கொண்டார்.

ஜூலை 12, சனி

பேக்கப்பிலிருந்து சில பழைய படங்களை வேறு இடத்தில் மீட்டெடுத்து, ரேடியாலஜியிலேயே திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்தன.

உதிரிக் கன்ட்ரோலர் ஒன்று அறைக்குள் வந்து சேராமல் 'ஏ'-வை வெளியே எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மாலையில் வந்தது. சீல் பிரிக்காமல் திருப்பினால் வாடகை மட்டும், பிரித்தால் முழு விலை. சீல் பிரியாமல் அது திரும்பிப் போக வேண்டும் என்பது மேனேஜரின் வேண்டுதல். என்னுடையதும் அதுவே.

ஜூலை 13, ஞாயிறு

வந்துவிட்டது.

நிர்வாகத் திரையிலிருந்து 'ஏ'-வை முறைப்படி நிறுத்தினோம். அதன் பொறுப்பில் இருந்தவை எல்லாம் 'பி'-க்குப் போயின. துணை இல்லாமல் தனியே நிற்கும் கன்ட்ரோலர், எழுத வருவதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காது, நேரே டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும். கொஞ்சம் மெதுவாகும் என்று ரேடியாலஜிக்கு முன்பே சொல்லியிருந்தோம். எடுக்கலாம் என்ற விளக்கு எரியும்வரை காத்திருந்து, நெம்புகோல்களை விரித்து வெளியே இழுத்தோம். அந்த வாயைத் திறந்தபடி விட்டால் பெட்டிக்குள் காற்றோட்டம் தவறிவிடும். கொண்டுபோயிருந்த மூடித் தகட்டைச் செருகினோம்.

நிலைமின் விரிப்பின் மேல் கன்ட்ரோலரைக் குப்புறப் போட்டு, பக்கவாட்டில் விளக்கு வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தபோது ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. கூண்டின் வாசலைச் சுற்றி மெல்லிய உலோக விரல்கள் வரிசையாக இருக்கும். மாட்யூலின் உடலைத் தொட்டுக்கொண்டு மின்காந்த இரைச்சல் வெளியே கசியாமல் தடுப்பவை. இடப்பக்க விரல் ஒன்று உள்நோக்கி மடங்கி, மாட்யூல் உறையின் இணைப்புக் கோட்டில் கொக்கிபோல மாட்டியிருந்தது. அந்தக் கொக்கியின் வாய் உள்பக்கம் பார்த்திருந்தது. வெளியே இழுக்கிற ஒவ்வொரு முறையும் அது இன்னும் ஆழமாகக் கவ்வும். பிளையர்காரர் தன் பலத்தால் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். புதன் இரவு என்னால் உள்ளே அழுத்த முடியாததற்கும் இதுவே காரணம். மடங்கிய விரல் இடையில் ஆப்பாக நின்றிருக்கிறது.

முனை வளைந்த ஊசியால் அந்த விரலை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்தி, சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தம்பியை மாட்யூலை உள்ளே தள்ளச் சொன்னேன். அரை மில்லிமீட்டர் இருக்கும், போனது. இப்போது ஸ்டீல் தகடு இரண்டு பக்கமும் நுழைந்தது. நாக்கு தாழ்ந்தது. மாட்யூலின் மூக்கைப் பிளாஸ்டிக் முனை இடுக்கியால் அவன் பிடித்து நேராக இழுத்தான். சாய்க்கவில்லை, ஆட்டவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. "இவ்வளவுதானா அக்கா!" என்றான். இவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பதற்றமே. மடங்கிய விரலின் நுனியைக் காணோம். ஒரு மில்லிமீட்டர் நீள உலோகத் துண்டு கன்ட்ரோலருக்குள் எங்கேனும் கிடந்து, மின்சாரம் வந்ததும் இரண்டு தடங்களை இணைத்துவிட்டால் எல்லாப் பொறுமையும் வீண். விரிப்பைத் தேடினோம். கூண்டுக்குள் விளக்கடித்தோம். 20 தொடுமுனைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், நேராக, சுத்தமாக இருந்தன, நடுவில் எதுவும் இல்லை. கடைசியில் தம்பிதான் மாட்யூலைத் திருப்பிப் பார்த்தான். அதன் அடிவயிற்று ஸ்டிக்கரின் பசையில் அந்த நுனி ஒட்டிக்கொண்டிருந்தது. முறிந்த இடத்தோடு பொருத்திப் பார்த்து, வேறு துண்டு எதுவும் இருக்க முடியாது என்று உறுதி செய்த பிறகே மூச்சு விட்டேன்.

போர்ட்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா? விரல் ஒன்று குறைவதால் மட்டும் பெரிய பாதகமில்லை. பழைய மாட்யூல் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். போகிறது, ஆனால் 'டக்' கேட்கவில்லை. பலவந்தத்தில் வளைந்த நாக்கு முழுக்க மேலே எழவில்லை. வளையத்தைத் தொடாமலே மாட்யூல் இரண்டு விரலுக்கு வெளியே வந்துவிடுகிறது. பூட்டாத போர்ட்டில் கேபிளைத் தொங்கவிட்டால், மேனேஜரிடம் நான் சொன்ன அதே பிழைத்துச் சாகும் பாதையை நானே போட்டுக்கொடுத்தவள் ஆவேன். நாக்கைக் கையால் நிமிர்த்தலாம். எவ்வளவு நாள் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? தூசி மூடியைச் செருகி, அமைப்பிலும் அந்தப் போர்ட்டை மூடி, பக்கத்தில் 'பயன்படுத்தாதீர்' என்று எழுதி ஒட்டினோம்.

கன்ட்ரோலரை உள்ளே தள்ளி, அது எழுந்து 'பி'-யோடு நினைவகத்தைச் சமன்செய்து முடிக்கும்வரை திரையை விட்டு நகரவில்லை. சர்வர்களுக்கு எட்டுக்குப் பதில் ஏழு பாதைகள். உதிரிக் கன்ட்ரோலர் சீல் பிரியாமல் இருக்கிறது. மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 16, புதன்

'பி' கன்ட்ரோலர். இன்று தம்பிதான் செய்தான், நான் பாதைகளை வாய்விட்டுச் சொல்லும் வேலை. நான்கும் வந்தன. ஒன்றில் வளையம் இறுக்கமாக இருந்தபோது நான் சொல்வதற்கு முன்பே உள்ளே அழுத்தினான்.

ஒரு போர்ட்டில் மட்டும் வந்து சேரும் ஒளி மற்றவற்றைவிட ஆறு டெசிபெல் குறைவாகக் காட்டியது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஒளிதான் வருகிறது என்று அர்த்தம். புது மாட்யூலைக் குறை சொல்வதற்கு முன் கேபிள் முனையைப் பேனாக் கிளீனரால் துடைத்தோம், மற்றவற்றோடு சமமானது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கிக்கு நடுவே, உறையில் போட்டு வைத்திருந்த மாட்யூல்களை மேசையில் பரப்பினேன்.

மாட்யூலைச் செய்தவர்கள் ஒட்டிய லேபிள் எல்லாவற்றிலும் ஒழுங்காக, அதற்கென்று ஒதுக்கிய பள்ளத்தில் படிந்திருக்கிறது. முரண்டு பிடித்தவற்றில் மட்டும் இன்னொன்று இருக்கிறது: சொத்துக் கணக்கெடுப்புக்காக யாரோ ஒட்டிய பார்கோடு ஸ்டிக்கர். மேல்பக்கத்தில் தயாரிப்பாளரின் லேபிள் இருந்ததால், காலியாகத் தெரிந்த அடிவயிற்றில் ஒட்டிவிட்டார்கள். சறுக்கியும் முட்டும் நாக்கும் சந்திக்கும் இடமே அதுதான். கூண்டுக்கும் மாட்யூலுக்கும் நடுவே இருப்பது மிகக் குறைந்த இடைவெளி. அதில் ஒரு தாள் தடிப்பு. அதோடு வருடக்கணக்கில் பெட்டியின் சூட்டில் பசை இளகிச் சறுக்கியைப் பிடித்துக்கொண்டது. வளையம் முழுக்க மடங்கவில்லை, பாதியில் இழுத்திருக்கிறார்கள், வளையம் முறிந்தது, பிறகு பிளையர். மூன்றாவது போர்ட்டின் கதை மொத்தமும் அந்த ஸ்டிக்கரில் தொடங்குகிறது.

சொத்துக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு எஸ்.எஃப்.பி.க்குள்ளும் ஒரு சிறு நினைவகச் சில்லு இருக்கிறது. செய்தவர் பெயர், மாடல் எண், வரிசை எண் எல்லாம் அதிலேயே எழுதி வருகின்றன. போர்ட்டில் இருக்கும்போதே கன்ட்ரோலரும் சுவிட்சும் அதைப் படித்துச் சொல்லும். யாரும் மாட்யூலைக் கழற்ற வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். 'பி' பக்கத்திலிருந்து எடுத்த விவரத்தை ஒரு பட்டியலாகப் போட்டு மேனேஜருக்கு அனுப்பினேன், மாதிரிக்கு. கணக்குப் பிரிவோடு பேசுவதாகச் சொன்னார். மூன்றாவது போர்ட்டுக்காகக் கன்ட்ரோலரை மாற்றுவது அடுத்த பட்ஜெட்டில்தான் என்றும் சொன்னார். அதுவரை ஏழு பாதைகள் போதும்.

இரண்டு சுவிட்சுகளையும் அதே கணக்கெடுப்பில் சேர்த்திருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அவற்றின் மாட்யூல்களிலும் அந்த ஸ்டிக்கர் இருக்கும். சுவிட்சில் இரண்டு வரிசைப் போர்ட்டுகள், ஒரு வரிசை மற்றதற்குத் தலைகீழ். ஆக, பாதியில் அடிவயிறு மேலே பார்த்திருக்கும், கழற்றாமலே விளக்கடித்து ஸ்டிக்கரின் ஓரமாவது தெரிகிறதா என்று பார்க்கலாம். திங்கட்கிழமை தம்பியை அனுப்புகிறேன்.